மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு ஒரு டப்பா: மனைவிக்கு மதியச் சாப்பாடு கட்டினால் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

சாப்பாடு கட்டிக் கொடுத்தால் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் எல்லாரும் ஒரே கழித்தலைத்தான் போடுகிறார்கள். வெளியே ஒரு வேளைக்கு 125 ரூபாய், வீட்டில் 40 ரூபாய், மிச்சம் 85. அதை வேலை நாட்களால் பெருக்கினால் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். தாளில் இது சரி. ஆனால் மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்தால் பாதிதான் இருக்கும். மீதிப் பாதி எந்த வழியாகப் போகிறது, அதில் எவ்வளவை மடக்கிப் பிடிக்கலாம் என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

கணக்குக்கு ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்கிறோம். மடிப்பாக்கத்தில் வாடகை வீடு, கணவன் மனைவி இருவர் மட்டும். மனைவிக்குக் கிண்டியில் அலுவலகம், வாரம் ஐந்து நாள், மாதத்துக்கு 22 வேலை நாள். ஸ்கூட்டரில் ஏழெட்டுக் கிலோமீட்டர். கணவனுக்கு வீட்டிலிருந்தே வேலை, பத்து மணிக்கு உட்கார்ந்தால் போதும். சமையல் அவர் பொறுப்பு. அவரும் மதியம் வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடுவது அந்த ஒன்றுதான். விலைகள் சென்னை மளிகைக் கடையை ஒட்டிக் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

டப்பா இல்லாத மாதம்

22 நாளில் 12 நாள் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு, தலைக்கு 100 ரூபாய்: 1,200. ஆறு நாள் செல்போன் ஆப்பில் ஆர்டர். டெலிவரி, பேக்கிங், 5 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு வேளைக்கு 210: 1,260. நாலு நாள் தெருமுனையில் லெமன் சாதமோ தக்காளி சாதமோ 70 ரூபாய்: 280. மொத்தம் 2,740, நாளுக்குச் சராசரி 125.

ஆப் ஆர்டர் ஆறே நாள்தான், ஆனால் மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி அதுதான். டப்பா கட்ட முடியாத வீடுகள்கூட இந்த ஆறு நாளையும் மெஸ்ஸுக்கு மாற்றினால் 660 ரூபாய் மிஞ்சும், அடுப்பே பற்றவைக்க வேண்டாம். இதைச் சொல்லாமல் டப்பாவின் புகழ் மட்டும் பாடினால் அது நேர்மையான கணக்கு இல்லை.

ஒரு டப்பாவின் விலை

சாதம், சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு 110 கிராம் அரிசி தாராளம். வெந்தால் 300 கிராமுக்கு மேல் வரும், 500 மில்லி டப்பா நிறையும்.

பொன்னி அரிசி 110 கிராம், கிலோ 64: 7.00
துவரம்பருப்பு 30 கிராம், கிலோ 150: 4.50
காய் 180 கிராம் (சாம்பாருக்கு 60, பொரியலுக்கு 120), கிலோ 50: 9.00
புளி 8 கிராம்: 1.60
எண்ணெய் 15 மில்லி, லிட்டர் 160: 2.40
சாம்பார் பொடி, தாளிப்பு, உப்பு: 3.00
தயிர் 100 மில்லி: 7.00
கேஸ்: 3.00
சோப்பு, தண்ணீர்: 1.00

கூட்டினால் 38.50. கேஸ் கணக்கு எப்படி வந்தது என்று சிலர் கேட்பார்கள். 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்றால் கிலோ 61. பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு 150 கிராம் சொச்சம் எரிக்கும். குக்கர், சாம்பார், பொரியல் மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம் எரிந்தால் 100 கிராம், ஆறு ரூபாய். அந்தச் சமையலை இருவர் சாப்பிடுகிறார்கள், அதனால் டப்பாவின் பங்கு மூன்று. சிலிண்டர் விலையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களிடம் இந்த மூன்று ரூபாயைக் காட்டலாம்.

லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்றால் 29, 30 ரூபாயில் முடியும். மூன்று சப்பாத்தியும் குருமாவும் அதே அளவுதான், வேலைதான் இரண்டு மடங்கு. முட்டை வைத்தால் ஏழு ரூபாய் கூடும். மீன் வறுவல், சிக்கன் நாட்களையும் சேர்த்துச் சராசரி 40 என்று வைத்துக்கொள்ளலாம்.

ரேஷன் சாமான் வாங்கிச் சமைக்கும் வீட்டில் இது இன்னும் இறங்கும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் அந்த விலையில் போட்டால் அதே சாம்பார் சாப்பாடு 26 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. பழைய அரிசியாகக் கிடைத்தால் நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, அரை மணி ஊறவைத்து வடித்தால் வாசம் போய்விடும். குக்கரில் வைத்தால் போகாது.

பாதி எங்கே போனது

22 நாளும் கட்டி, 22 நாளும் சாப்பிட்டால் செலவு 880, மிச்சம் 1,860. அப்படி ஒரு மாதம் எந்த வீட்டிலும் வந்ததில்லை.

நடப்பது இப்படி. இரண்டு வெள்ளிக்கிழமை அலுவலகக் கும்பலோடு வெளியே சாப்பாடு. மூன்று நாள் கட்ட முடியவில்லை: இரண்டு நாள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது, ஒரு நாள் காயே இல்லை. கட்டிய 17 நாளில் ஒரு டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. ஆக, டப்பாச் செலவு 17 நாளுக்கு 680. வெளியே சாப்பிட்டது ஆறு நாள், 750. மொத்தம் 1,430. மிச்சம் 1,310.

அடுத்து, யாரும் எழுதி வைக்காத ஒரு செலவு. மெஸ்ஸில் எண்ணெயும் சாதமுமாக மூச்சுமுட்டச் சாப்பிட்டவருக்கு நாலு மணிக்குப் பசிக்காது. அளவாகக் கட்டிய டப்பா மூன்றரைக்கே இறங்கிவிடும். டீயோடு இரண்டு வடை, 30 ரூபாய். மாதம் எட்டு நாள் என்றால் 240. மிச்சம் 1,070. பிறகு பாத்திரம்: இரண்டு நல்ல எவர்சில்வர் டப்பா, சாம்பாருக்குச் சின்னதாக ஒன்று, சூடு தாங்கும் பை, எல்லாம் 1,500 ரூபாய், முதல் வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 125. கையில் நிற்பது 945.

1,860 எங்கே, 945 எங்கே!

இதில் உறைக்க வேண்டிய ஒன்று, திரும்பி வரும் டப்பா. கட்டாமல் விட்ட நாளில் 85 ரூபாய்தான் நழுவுகிறது. கட்டி, கொண்டுபோய், திறக்காமல் திரும்பிய நாளில் டப்பாவின் 40-ம் போய், வெளிச்சாப்பாட்டு 125-ம் போகிறது. சாயங்காலம் அந்தச் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டும்போது வீட்டில் வரும் மனத்தாங்கலுக்கு ரூபாய்க் கணக்கு கிடையாது. ஆகவே மிச்சம் பிடிப்பது என்றால் அரிசியை மலிவாக வாங்குவது இரண்டாம் பட்சம். கட்டிய டப்பா ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறதா, காலி ஆகிறதா என்பதுதான் முதல் பட்சம்.

ஏன் திரும்பி வருகிறது

பெரும்பாலும் சமையல் மோசமாக இருந்து அல்ல. காலையில் தட்டில் நன்றாக இருந்தது, ஒரு மணிக்கு வேறொன்றாக மாறியிருக்கும்.

முதல் குற்றவாளி வேர்வை. குக்கரிலிருந்து எடுத்த சாதத்தை அப்படியே டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்து, திரும்பச் சாதத்தின் மேலேயே சொட்டும். மேல்பக்கம் கூழ், அடிப்பக்கம் கட்டி. கலந்த சாதமென்றால் ருசியும் போகும், கெடவும் தொடங்கும். அரிசியில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சைச் சூடுபண்ணி அழிக்க முடியாது. மைக்ரோவேவில் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இதனால்தான் வீண்.

ஆகவே இரண்டே வழி. ஒன்று, சூட்டோடு சூடாகக் காப்பது: வெற்றிடச் சுவர் உள்ள டப்பாவில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டி, உடனே கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரையோ சாம்பார் சாதத்தையோ நிரப்பி மூடுவது. சாப்பிடும் நேரத்தில் 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. வாங்கிய அன்றே கொதிநீர் நிரப்பி, ஐந்து மணி நேரம் கழித்துச் சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். மற்றொன்று, நன்றாக ஆறவைத்துக் கட்டுவது: சாதத்தைத் தாம்பாளத்தில் பரத்தி, ஃபேனுக்கு அடியில் பதினைந்து நிமிடம், கை வைத்தால் சூடே தெரியாத வரை. லெமன், புளி, தேங்காய் சாதம், பொரியல், சப்பாத்தி எல்லாம் இந்த வழி. இரண்டுக்கும் நடுவில், "கொஞ்சம் ஆறட்டும்" என்று பாதிச் சூட்டில் மூடுவதுதான் கெடுதல். பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் அதுதான்.

சப்பாத்திக்கும் இதே விதி. கல்லிலிருந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது நனைந்து பிய்ந்துபோகும். துணி விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் நாலாக மடித்து, அதே துணியில் சுற்றி வையுங்கள். மாவைப் பிசையும்போது தண்ணீரில் கால் பங்குக்குப் பதில் பால் ஊற்றினால் ஒரு மணிக்கும் மிருதுவாக இருக்கும்.

இரண்டாவது, ஒழுகல். பையில் ஒருமுறை சாம்பார் ஊற்றிக்கொண்டால் அடுத்த பத்து நாள் "இன்னிக்கு வேண்டாங்க, நான் வெளில பாத்துக்கறேன்" என்றுதான் பதில் வரும். மூடி மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். டப்பாவைக் கழுத்துவரை நிரப்பி, கொதிக்கும்போதே மூடினால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறி, சாம்பாரை ரப்பர் வளையத்தைத் தாண்டித் தள்ளும். இரண்டு விரற்கடை இடம் விடவேண்டும். விளிம்பில் ஒரு பருக்கையோ கறிவேப்பிலையோ சிக்கினாலும் போதும், வளையம் உட்காராது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மூடுங்கள். புது டப்பா வாங்கினால் தண்ணீர் நிரப்பி, மூடி, பழைய செய்தித்தாள் மேல் இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அது பொரியல் டப்பா.

ரசம் எந்த டப்பாவிலும் ஒழுகத்தான் பார்க்கும். ரசம்தான் வேண்டுமென்றால் திருகுமூடி ஃபிளாஸ்க்தான்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. சூடாக மூடிய எவர்சில்வர் டப்பா ஆறியதும் உள்ளே காற்று சுருங்கி மூடியைக் கவ்விக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் வராது. சாப்பாட்டு அறையில் மூன்று பேர் மாறி மாறி இழுத்துப் பார்ப்பார்கள். குழாயில் வெந்நீர் வந்தால் மூடிமேல் அரை நிமிடம் காட்டினால் விடும். இல்லையென்றால் ஸ்பூன் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பிக் கொஞ்சம் காற்று உள்ளே போகவிட வேண்டும். மூடி நடுவில் சிறு ரப்பர் அடைப்பான் உள்ள டப்பா வாங்கினால் இந்தப் பாடே இல்லை.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் சீட்டுக்கு அடியில் டப்பாவை வைக்காதீர்கள். கீழே எஞ்சின், மேலே வெயிலில் காய்ந்த சீட். ஆறவைத்துக் கட்டிய தயிர்சாதம் கிண்டி போவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். வண்டியை நிறுத்திவிட்டு டப்பாவை அதிலேயே மறந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது. முன்னால் கொக்கியில் மாட்டுவதே சரி.

மூன்றாவது, அலுவலகத்தின் நாக்கும் மூக்கும். ஏசி அறையில் கருவாடும் மத்திக் குழம்பும் திறந்தால் சாப்பிடுகிறவர்தான் சங்கடப்பட வேண்டும். அந்தச் சங்கடத்தில் டப்பா மூடியே இருக்கும். அவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். வஞ்சிரத் துண்டு வறுவல், முட்டைத் தொக்கு போன்றவற்றுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மைக்ரோவேவ் உள்ள அலுவலகத்தில் எவர்சில்வரை அதற்குள் வைக்க முடியாது என்பதும் பலருக்கு முதல் நாள்தான் உறைக்கும். கண்ணாடி டப்பா வேண்டும். கனம் கூடும், பையைப் பார்த்து முடிவெடுங்கள்.

தயிர்சாதம், கொஞ்சம் விரிவாக

மிச்சம் பிடிப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தயிர்சாதத்தை நம்புகிறார்கள், பாதிப் பேர் தப்பாகக் கட்டுகிறார்கள். புளித்த தயிரைச் சாதத்தில் கொட்டிப் பிசைந்தால் ஒரு மணிக்கு வாயில் வைக்க முடியாது. டப்பாவில் போவது தயிர்சாதமாக இருக்கக் கூடாது. பால் சாதமாகக் கிளம்பி, வழியில் தயிர்சாதமாக வேண்டும்.

90 கிராம் அரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு கரண்டியால் மசிக்கவும். காய்ச்சிய பால் 150 மில்லி ஊற்றிக் கலந்து, உப்புப் போட்டு ஆறவிடவும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இரண்டு மேசைக்கரண்டி தயிர். அதற்கு முன்னே விட்டால் தயிர் திரியும். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பார்த்தால் கஞ்சிபோல் தளர்வாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். மதியத்துக்குள் சாதம் பாலைக் குடித்து இறுகும். காலையிலேயே சரியான பதத்தில் இருந்தால் மதியம் அது செங்கல். சித்திரை வைகாசியில் தயிரை ஒரு கரண்டியாகக் குறையுங்கள். மார்கழியில் மூன்று. வெள்ளரிக்காய் நீர் விடும், பச்சை வெங்காயம் நாறும்; கேரட் துருவலோ மாதுளையோ போடலாம். ஊறுகாயைச் சாதத்தின் மேல் வைக்காமல் சின்னத் துண்டு வாழையிலையில் மடித்து ஓரமாகச் செருகினால் சாதம் சிவப்பாகாது.

தேங்காய்ச் சட்னி, தேங்காய் போட்ட கூட்டு இரண்டும் வெயில் மாதங்களில் டப்பாவுக்கு ஆகாது. பொரியலுக்குத் தேங்காய் வேண்டுமென்றால் வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்துப் போடுங்கள். லெமன் சாதத்துக்கு அடுப்பை அணைத்தபின்தான் சாறு. தீயில் பிழிந்தால் கசக்கும். இட்லியை நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி இருபுறமும் தடவிக் கட்டினால் சட்னியே வேண்டாம், ஆறு மணி நேரமும் அசையாது. ரயிலில் போகும் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்வது இதைத்தான்.

அந்த மூன்று நாள்: புளிக்காய்ச்சல்

நேரமானதால், காய் இல்லாததால் விட்டுப்போன மூன்று நாள்தான் சுலபமாக மீட்கக்கூடியவை. அதற்கு ஞாயிறு ஒரு மணி நேரம் போதும்.

100 கிராம் பழைய புளியை 400 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டவும். 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, வேர்க்கடலை 50 கிராம், கிள்ளிய மிளகாய் பத்து, பெருங்காயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றி, உப்பு இரண்டு மேசைக்கரண்டி, நெல்லிக்காயளவு வெல்லம் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். பாதிக்கும் கீழாக வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே நிற்க வேண்டும். வறுத்துப் பொடித்த தனியா, வெந்தயம், எள் கலந்து இறக்கவும். பாதியில் அவசரப்பட்டு இறக்கியதுதான் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்; தண்ணீர் வற்றாத புளிக்காய்ச்சல் வெறும் புளிக்குழம்பு. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில், ஈரமில்லாத ஸ்பூனோடு, ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

300 கிராம் அளவுக்கு வரும். ஒரு டப்பாவுக்கு 30 கிராம், பத்து டப்பா. சாமான் செலவு 84 ரூபாய், அதாவது டப்பாவுக்கு எட்டரை. சாதமும் ஓர் அப்பளமோ அவித்த முட்டையோ சேர்த்தால் 25 ரூபாயில் முடிந்தது. காலையில் வேலை என்று பார்த்தால் குக்கர் வைத்து, பரத்தி, பிசைவதுதான்.

முந்திய இரவுச் சாதத்தில் பிசைந்தால் இன்னும் சுலபமே என்று தோன்றும். இரவு சமைத்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் போன சாதமென்றால், காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்துப் பிசையலாம். மேடையில் இரவெல்லாம் மூடிக் கிடந்த சாதமென்றால் கூடாது.

திரும்பி வந்த அந்த ஒரு டப்பா

இதற்குச் சமையலறையில் தீர்வு இல்லை. முந்திய இரவு ஒரு கேள்வி போதும். "நாளைக்கு மதியம் ஏதாவது இருக்காம்மா?" "ஆமாங்க, டீம் லஞ்ச் இருக்கு, எனக்குக் கட்டாதீங்க." அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கும்பலோடு வெளியே போவதைக் கஞ்சத்தனத்துக்காகத் தடுப்பது வேலைக்கு ஆகாது. அந்த நாட்களை முதலிலேயே கணக்கில் வெளிச்சாப்பாடு என்று எழுதிவிடுவது நல்லது. இருபத்திரண்டுக்கும் கட்டியே தீருவேன் என்று கிளம்பும் வீடுகள் மூன்றாவது வாரம் அலுத்து நிறுத்திவிடுகின்றன.

புளிக்காய்ச்சலும் இந்தக் கேள்வியும் சேர்ந்தால் மாதம் இப்படி மாறும்: 16 நாள் வழக்கமான டப்பா 640, மூன்று நாள் புளிசாதம் 75, இரண்டு வெள்ளியும் முன்பே தெரிந்த அந்த டீம் லஞ்ச் நாளும் 375. மொத்தம் 1,090. வடைக்காசையும் பாத்திரக்காசையும் கழித்தபின் கையில் 1,285. வடைக்குப் பதிலாகச் சின்ன டப்பாவில் வேர்க்கடலைச் சுண்டல், ஆறு ரூபாய்க்கு, அந்த எட்டு நாளும் போனால் இன்னும் 192 சேரும், 1,477. காகிதக் கணக்கின் 1,860-க்கு இதைவிடக் கிட்டே போவது கடினம், போகவும் வேண்டாம்.

நேரத்துக்கு என்ன விலை

இந்த மாதிரி வீட்டில் கணவன் எப்படியும் தனக்கு மதியம் சமைக்க வேண்டும். அதைக் காலைக்கு நகர்த்தி அளவைக் கூட்டினால், டப்பாவுக்கென்று கூடுதலாக ஆவது பரத்த, கட்ட, கழுவ 12 நிமிடம். முதல் கணக்கின்படி 17 நாளுக்கு மூன்று மணி இருபத்துநாலு நிமிடம். 945 ரூபாயை வகுத்தால் மணிக்கு 278 ரூபாய் சம்பாதித்த மாதிரி. இருவருமே வெளியே வேலைக்குப் போய், ஒருவருக்கு மட்டும் கட்டுவதென்றால் 25 நிமிடமாவது தனியாகச் செலவாகும். அப்போது ஏழு மணி நேரத்துக்கு அதே 945, மணிக்கு 135. அந்த வீட்டில் இரண்டு டப்பாவாகக் கட்டினால்தான் கணக்கு எழுந்து நிற்கும். இரண்டாவது டப்பாவுக்கு அரிசியும் காயும் கூடும், நேரம் அவ்வளவாகக் கூடாது.

இந்த மாதிரிக் கணக்குகளில் சமைப்பவரின் நேரம் வழக்கமாகப் பூஜ்யம் என்றே இருக்கும், சமைப்பது மனைவியாக இருப்பதால். இங்கே கணவன் சமைக்கிறார் என்றதும் மணிக்கூலி கேட்கத் தோன்றுகிறது பாருங்கள். யார் சமைத்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

எங்கே கட்டுப்படியாகாது

அலுவலகத்துக்குப் பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் ரூபாயில் எந்த வீட்டு டப்பாவும் ஜெயிக்க முடியாது. 2013-இல் சென்னையில் தொடங்கும்போதே சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர்சாதம் மூன்று ரூபாய். சாப்பாட்டுக்கு மானியம் தரும் தொழிற்சாலை கேன்டீனிலும் அதே கதை. அங்கே டப்பா கட்டுவதற்கு உடம்பு, பத்தியம், ருசி என்று வேறு காரணம் இருக்கலாம். மிச்சம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

காய் விலை எகிறும் மாதங்களுக்கும் கணக்கு கொஞ்சம் ஆடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அப்போது தக்காளியைத் துரத்தாமல் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்புத் துவையல் என்று திரும்பினால் டப்பா 40-ஐத் தாண்டாது. வத்தக்குழம்பு சாம்பாரைவிட டப்பாவில் நன்றாகவும் தாங்கும்.

பாத்திரம் வாங்கும்போது

எவர்சில்வரில் 304 என்று அடியில் பொறித்ததைக் கேளுங்கள். புளியும் உப்பும் தினமும் படும் பாத்திரத்துக்கு அதுதான் தாங்கும். காந்தத்தை ஒட்டிப் பார்த்து வாங்கலாம் என்பார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஒரே அளவில் ஒரே மூடி உள்ள இரண்டு டப்பா வாங்குங்கள். ஒன்று காயும்போது ஒன்று போகும், மூடி மாறினாலும் பொருந்தும். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக்கில் ஊற்ற வேண்டாம். மஞ்சள் கறை போகாது, வாசனையும் போகாது.

கழுவும்போது ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றுங்கள். டப்பா நாற்றம் என்று சொல்வதில் முக்கால்வாசி வளையத்தின் பள்ளத்தில் தங்கிய பழைய சாம்பார்தான். வாரம் ஒருமுறை வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு அரை மணி ஊறவைத்துத் தனியாகக் காயவிட்டால் போதும். ஈரத்தோடு மாட்டினால் கறுப்புப் புள்ளி விழும். அதன் பிறகு மாற்றத்தான் வேண்டும். டப்பா வாங்கும்போதே அதே அளவில் இரண்டு வளையம் கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு வருடம் கழித்துத் தனி வளையம் தேடி அலைந்தால், அநேகமாகப் புது டப்பாவோடுதான் வீடு திரும்புவீர்கள்.